தாயும் சேயும் ஒரே தொட்டியில்

சரியாக எழுநூற்று நாற்பத்து நான்கு மணித்தியாலங்கள், ஒரு தாயையும் அவள் பெற்ற பிள்ளைகளையும் ஒரு கணமேனும் பிரிக்காமல் வைத்திருந்த பெருமை, அலங்கார மீன் வளர்ப்பின் உலக வரலாற்றில் நெல்லியடிக்கு மட்டுமே உண்டு. சிங்கப்பூருக்கு இல்லை. யப்பானுக்கு இல்லை. அந்த நாடுகளில் குஞ்சு பிறந்ததும் தாயைத் தூக்கி வேறு தொட்டியில் விட்டுவிடுகிறார்களாம். பாசம் என்றால் என்னவென்று தெரியாதவர்கள்.

எழுநூற்று நாற்பத்து நான்கு மணித்தியாலம் என்பது முப்பத்தொரு நாள். பிள்ளை பிறந்த வீட்டில் துடக்கு, அதாவது தீட்டு, கழிகிற கணக்கு. இந்த ஏற்பாட்டை மனிதரோடு நிறுத்திக்கொண்டது முன்னோரின் குறை. அதை மீனினத்துக்கும் விரிவாக்கிய புகழ் "வடகரை வீட்டு அலங்கார மீன் வளர்ப்போர் தாய்ச் சங்க"த்தைச் சேரும்.

சங்கத்தின் பெயரில் "தாய்" வந்த காரணம் எளிது. சங்கத்துக்கு இலண்டனில் ஒரு கிளை இருந்தது. கிளை என்றால் அதற்கொரு தாய் வேண்டும். கிளை அனுப்பும், தாய் பெற்றுக்கொள்ளும். இவ்வளவு தெளிவான உறவு மனிதக் குடும்பங்களில்கூட அபூர்வம்.

தலைவர் கனகரத்தினம் ஓய்வுபெற்ற உதவிப் பணிப்பாளர். எந்தத் திணைக்களத்தில் என்று கேட்பது மரியாதையல்ல. மீனைப் பற்றி அவருக்கிருந்த அறிவு, வெள்ளிக்கிழமைகளில் அதைத் தொடக்கூடாது என்பது. ஆனால் தலைமை என்பது அறிவைச் சார்ந்ததல்ல, முன்விறாந்தையைச் சார்ந்தது. அவர் வீட்டுக்குப் பெரிய முன்விறாந்தை இருந்தது. அதுவே சங்க அலுவலகம்.

சங்கத்தின் மகத்தான திட்டம் "வீட்டுக்கொரு தொட்டி." தொண்டைமானாற்றுப் பக்கத்துக் கடற்றொழில் குடும்பங்களில் இருபத்தைந்து பெண்களுக்கு ஆளுக்கொரு கண்ணாடித் தொட்டியும் கொஞ்ச மீன்குஞ்சும் கொடுப்பது. அவர்கள் அவற்றை வீட்டில் வளர்த்து விற்று முன்னேறுவது. இலண்டன் கிளை இருபத்தைந்து தொட்டிகளுக்கும் காசு அனுப்பியது. தொட்டிகள் வந்திறங்கின. அவற்றைத் தலைவரின் வீட்டில் "தற்காலிகப் பாதுகாப்பில்" வைப்பதென ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.

குஞ்சுகளுக்கு ஒரு தாய்மீன் தேவைப்பட்டது. யாழ்ப்பாணத்துக் கடையில் ஐந்தாறு வாங்கலாம் என்றாள் சங்கத்தின் ஆலோசகர் நிவேதனா.

"தாய்க்கு ஈடு இணை உண்டோ, பிள்ளை?" என்று தலைவர் கேட்டார்.

"இல்லை, ஐயா."

"அப்ப ஒண்டு காணும்."

அப்படித்தான் ஒரேயொரு கறுப்பு மொலி வந்து சேர்ந்தது. பெருவிரல் நீளம். முட்டையிடாமல் குஞ்சாகவே ஈனுகிற இனம்; வயிற்றோடு வந்தது.

நிவேதனா விலங்கியல் பட்டதாரி. சாவகச்சேரியிலிருந்து கொடிகாமம் வந்து பஸ் மாறி நெல்லியடிக்கு வருகிறவள். பதவி, "தொழில்நுட்ப ஆலோசகர் (தொண்டர்)." அடைப்புக்குறிக்குள் இருப்பதற்குச் சம்பளம் இல்லை என்று பொருள். திட்டம் வெற்றி பெற்றால் அடைப்புக்குறியைக் கழற்றி நிரந்தரமாக்குவதாகத் தலைவர் சொல்லியிருந்தார். அவளுடைய அம்மா ஒவ்வொரு மாலையும் படலையடியில் நின்று, "என்னவாம், கழட்டிப் போட்டினமே?" என்று கேட்பாள்.

நிவேதனாவுக்கு ஒரு குறை இருந்தது. குரல். அது பிறவியிலேயே அடுத்த கதிரை வரைக்கும்தான் போகும். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைச் சொல்ல வெட்கப்பட்டு அடுத்த தரிப்பிடத்தில் இறங்கி நடந்து வருகிற பிள்ளை.

சங்கத்தில் சம்பளம் வாங்கியவள் ஒருத்திதான். இராசாத்தி. தொண்டைமானாறு. கூட்டுவது, தேநீர் வைப்பது, தொட்டித் தண்ணீர் மாற்றுவது எல்லாம் அவள். கணவன் கடனீரேரியில் வலை வீசுகிறவன். இருபத்தைந்து பெண்களில் முதல் தொட்டி அவளுக்கென்று பெயர் எழுதியாகிவிட்டது. அந்தத் தொட்டியை வைப்பதற்கு வீட்டில் சாமிப்படத்தை ஒரு முழம் தள்ளி மாட்டியிருந்தாள்.

பிரசவம் ஒரு காலையில் நடந்தது.

"தங்கச்சி, ஓடி வாங்கோ! தொட்டிக்குள்ளை தூசு நீந்துது!"

நிவேதனா ஓடிப்போய்ப் பார்த்தாள். தூசு அல்ல. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கண் இருந்தது. எண்ணினாள். நாற்பத்தொன்று.

"அக்கா, ஒரு வாளி தாங்கோ. தாயை உடனை மாத்த வேணும்."

வாளி வந்தது. தலைவரும் வந்தார். அவர் மனைவி இரத்தினம்மா கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு பின்னால் வந்தார்.

"என்ன பிள்ளை செய்யிறாய்?"

"தாயைப் பிரிக்கிறன், ஐயா."

"ஏன்?"

அதற்கு நிவேதனாவிடம் ஒரு பதில் இருந்தது. இரண்டே சொல். எந்த மீன் வளர்ப்புப் புத்தகத்திலும் முதற்பக்கத்தில் இருப்பது. அவள் வாயைத் திறந்தாள்.

"பெத்து இன்னும் ஈரம் காயேல்லை, பிரிக்கப் போறாளாம்!" என்றார் இரத்தினம்மா. "பிள்ளை, உனக்குக் கலியாணம் ஆச்சே?"

"இல்லை, அன்ரி."

"அப்ப பிள்ளைப்பேறைப் பற்றி நீ என்னத்தைக் கண்டாய்?"

"விலங்கியலிலை படிச்சனான்..."

"விலங்கு வேறை, மீன் வேறை," என்றார் தலைவர், ஒரு திணைக்களக் கோப்பை மூடுகிற குரலில். "அதோடை, கலியாணம் ஆகாத பிள்ளையள் இந்த விசயம் கதைக்கிறது வடிவில்லை."

இரண்டு சொல்லும் தொண்டைக்குள் திரும்பிப் போயின. வாளியை இராசாத்தி எடுத்துக்கொண்டு போனாள்.

அன்றே தொட்டி அறையின் முழு நிர்வாகமும் இரத்தினம்மாவின் கைக்கு வந்தது. மூன்று பிள்ளை பெற்றவர். தகுதி பற்றி யாரும் வாய்திறக்க முடியாது. முதல் வேலையாகத் தொட்டிக்குள் கிடந்த பாசிக்கொத்தைப் பிடுங்கி வெளியே எறிந்தார். கடைக்காரன் குஞ்சுகள் ஒளிந்துகொள்ளவென்று சும்மா கொடுத்துவிட்ட கொத்து அது.

"ஒளிக்கிறதோ? தாயிட்டையிருந்து பிள்ளை ஏன் ஒளிக்க வேணும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நிவேதனாவிடம் அதற்கும் அதே இரண்டு சொற்கள்தான் இருந்தன.

பிறகு நாவூறு படக்கூடாதென்று தொட்டியைச் சுற்றிக் கறுப்புச் சீலை கட்டப்பட்டது. மூடியின்மேல் காவலுக்கு ஒரு பாக்குவெட்டி. கதவில் வேப்பிலை. தாய் பிள்ளை பெற்றவள் ஆகையால் பத்தியம்: காலையில் ஒரு நேரம், ஒரு நுள்ளுத் தீன். மீன்தீன் டப்பா இரத்தினம்மாவின் அலுமாரிக்குள் போய்ப் பூட்டுப்பட்டது.

"குஞ்சுகளுக்கு?" என்று நிவேதனா கேட்டாள். "அதுகளுக்கு ஒரு நாளைக்கு நாலைஞ்சு தரம் குடுக்க வேணும், அன்ரி."

இரத்தினம்மா மறுநாள் பிள்ளைப்பேற்றுக் கிளினிக்கிலிருந்து ஒரு சுவரொட்டி வாங்கிவந்து தொட்டிக்கு நேர் மேலே ஒட்டினார். ஒரு தாய் குழந்தையை அணைத்திருக்கும் படம். கீழே, "தாய்ப்பால் மட்டும் போதும்."

நிவேதனா சுவரொட்டியைப் பார்த்தாள். மொலியைப் பார்த்தாள். மீன்களுக்கு இல்லாத ஒரு உறுப்பைப் பற்றி இப்போது தலைவருக்கு முன்னால் சொல்லவேண்டும். பல்கலைக்கழகத்தில் அந்தச் சொல்லை ஆங்கிலத்தில் எழுதிச் சித்தியடைந்திருந்தாள். ஆங்கிலத்தில் அதற்கு வெட்கம் இல்லை. நெல்லியடியில் இருந்தது.

"என்ன பிள்ளை, முகம் சிவந்திருக்கு?"

"வெயில், ஐயா."

அன்று மத்தியானம் தலைவர் வீடு முழுவதும் கண்ணயர்ந்த நேரம், நிவேதனா கைப்பையிலிருந்து ஒரு முட்டையை எடுத்தாள். இராசாத்தி அதைத் தேநீர்க் கேத்திலில் போட்டு அவித்தாள். மஞ்சட்கருவில் ஒரு பயறளவு கிள்ளி, மெல்லிய துணியில் முடிந்து, தொட்டித் தண்ணீரில் தோய்த்துப் பிழிந்தார்கள். மஞ்சளாய் ஒரு புகை இறங்கியது. தூசுகள் எல்லாம் அந்தப் புகையை நோக்கித் திரும்பின.

"அட, வாய் இருக்கு!" என்று இராசாத்தி வியந்தாள்.

"மெல்லக் கதையுங்கோ, அக்கா."

"உங்களைவிட மெல்லக் கதைக்கிறதெண்டால் நான் ஊமையாய்ப் பிறந்திருக்க வேணும், தங்கச்சி."

மிஞ்சியதைக் குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டார்கள். முட்டை அடியில் தங்கினால் தண்ணீர் பழுதாகிவிடும். தாய்க்கும் ஏதாவது போடலாமென்றால் தீன் அலுமாரிக்குள். அவித்த வெள்ளைக்கருவில் ஒரு துண்டைப் போட்டுப் பார்த்தாள் நிவேதனா. மொலி மணந்து பார்த்துவிட்டு விலகியது. மஞ்சட் புகை அதன் வாய்க்கு வலு நுண்ணியது. அது ஒரு மூலையில் நின்று, குஞ்சுகள் சாப்பிடுவதை மிகுந்த கவனத்தோடு பார்த்துக்கொண்டிருந்தது.

"பாவம், பெத்த மனம். பிள்ளையள் சாப்பிடுறதைப் பாத்துக்கொண்டு நிக்குது," என்றாள் இராசாத்தி.

"உங்களுக்குத் தெரியாதே, அக்கா?"

"என்னது? கடல் மீனெண்டால் சொல்லுவன். உந்தக் கண்ணாடி மீன் சங்கதி எனக்கு என்ன தெரியும்?"

நிவேதனா சீலையை இழுத்து மூடினாள். இராசாத்திக்காவது சொல்லியிருக்கலாம். அந்த நேரம் பார்த்து உள்ளறையில் இரத்தினம்மா இருமினார்.

சங்கத்தின் ஊடகச் செயலாளர் டினேஸ், தலைவரின் தங்கை மகன். ஒவ்வொரு காலையும் தொட்டிக்குள் போனை நீட்டி, எண்ணி, முகநூலில் போடுவான். "இன்று எங்கள் செல்வங்கள்" என்று தலைப்பு. முதல் நாள் நாற்பத்தொன்று. இலண்டன் கிளை இதயங்களை அனுப்பியது. மூன்றாம் நாள் முப்பத்தாறு.

"எண்ணினதிலை பிழை," என்றார் தலைவர்.

ஒரு வாரத்தில் முப்பதுக்குக் கீழே போனது. தலைவர் பக்கத்து வீட்டுப் பூனையைச் சந்தேகித்தார். பூனையின் உரிமையாளருக்கு எச்சரிக்கைக் கடிதம் போயிற்று. பூனை சீதேவி அதற்கு முந்திய மாதமே பஸ்ஸில் அடிபட்டுச் செத்துப்போயிருந்தது என்று பதில் வந்தது. அனுதாபத் தீர்மானம் ஒன்று நிறைவேற்றப்பட்டது.

பிறகு தலைவர் விஞ்ஞானத்துக்கு வந்தார்.

"வெயில் கடுமை. தண்ணி ஆவியாகேக்கை சின்னச் சீவன்கள் கொஞ்சம் அதோடை சேர்ந்து போறது வழமை. என்ன பிள்ளை?"

"தண்ணி ஆவியாகும், ஐயா. ஆனால்..."

"எழுது டினேஸ். தொழில்நுட்ப ஆலோசகரும் உறுதிப்படுத்தினார்."

நிவேதனா தன்னாலானதைச் செய்தாள். நுளம்பு வலைத் துண்டொன்றைத் தைத்துக் கொண்டுவந்து தொட்டியின் குறுக்கே கட்டினாள். தாய் ஒரு பக்கம், குஞ்சு ஒரு பக்கம். மறுநாள் வலை கொடியில் காய்ந்தது. "உதென்ன மறியற்சாலையே?" என்று இரத்தினம்மா கேட்டாராம். முட்டை மட்டும் தவறாமல் அவிந்தது. ஒரு பக்கத்தால் இவர்கள் வளர்த்தார்கள். மறுபக்கத்தால் குறைந்தது.

தாய் மட்டும் நாளொரு வண்ணமாய்த் திரண்டது. பார்த்தவர்கள் அதிசயித்தார்கள். ஒரு நேரத் தீன், அதிலும் ஒரு நுள்ளு. அப்படியிருந்தும் வயிறு உருண்டு, மினுங்கி, நீச்சலில் ஒரு கம்பீரம் வந்திருந்தது.

"பத்தியம் பிடிச்சிருக்கு," என்றார் இரத்தினம்மா. "என்ரை மூத்தவனுக்கு நானும் இப்பிடித்தான் தேறினனான்."

அந்த நாட்களில்தான் இராசாத்தி ஒரு செய்தி கொண்டுவந்தாள்.

"தங்கச்சி, சந்தியிலை ஐயாவின்ரை மச்சான் தேத்தண்ணிக்கடை வைச்சிருக்கிறாரெல்லே. அங்கை ஒரு மீன்தொட்டி கண்டன்."

"மீன் விட்டிருக்கினமோ?"

"இல்லை. விக்கிறதுக்கு அடுக்கின றோல்ஸ். மேல்தட்டிலை பற்றிஸ். அடியிலை எங்கடை சங்கத்தின்ரை ஸ்ரிக்கர்."

இதைத் தலைவரிடம் கேட்டபோது அவர் சற்றும் தடுமாறவில்லை. பாவிக்காத கண்ணாடி மங்கும், ஆகையால் தொட்டிகள் "பயன்பாட்டு நிலையில் பேணப்படுகின்றன." அவருடைய வீட்டிலேயே ஒன்றில் அரிசியும் ஒன்றில் பனங்கட்டியும் பேணப்பட்டன. இரண்டு தொட்டிகள், மகள் வீட்டில் பேணப்படுவதற்காகக் கொழும்புக்குப் போயிருந்தன. மிச்சம் எங்கே பேணப்படுகின்றன என்று கேட்பதற்குள் தலைவருக்குப் போன் வந்துவிட்டது.

குஞ்சுகள் பத்துக்குக் கீழே இறங்கிய அன்று, தலைவர் சிறப்புக் கூட்டம் கூட்டி, இது களவு என்று அறிவித்தார். டினேஸ் ஒரு கமெரா பூட்டினான். தொட்டியைப் பார்த்தா? இல்லை. கள்ளர் வருவது கதவால்; ஆகவே கதவைப் பார்த்து. தொட்டி எப்படியும் சீலைக்குள் இருந்தது.

கமெரா தன் கடமையைச் செய்தது. இராசாத்தி விளக்குமாறோடு உள்ளே போவது தெரிந்தது. வெளியே வருவது தெரிந்தது. மத்தியானம் கேத்திலோடு போவதும், முந்தானையில் எதையோ துடைத்துக்கொண்டு வருவதும் தெளிவாகத் தெரிந்தன. நிவேதனா போய் வந்ததும் தெரிந்ததுதான். ஆனால் அவை "உத்தியோகபூர்வ வருகைகள்" என்று டினேஸ் வெட்டி எறிந்துவிட்டான்.

முப்பத்தோராம் நாள் வந்தது. துடக்குக் கழிவும் குஞ்சு வழங்கும் விழாவும் களவு விசாரணையும் ஒரே மேடையில். பந்தலுக்கு இரட்டைச் செலவு வேண்டாமே.

தொண்டைமானாற்றிலிருந்து பெண்கள் பஸ்ஸில் வந்திறங்கினார்கள். கையில் வாளி, மூடி போட்ட போத்தல், தண்ணீர் நிரப்பிய பொலித்தீன் பை. ஒருத்தி பழைய சட்டியைத் தவிட்டால் மினுக்கிக் கொண்டுவந்திருந்தாள். தொட்டி மேடைக்குக் கொண்டுவரப்பட்டு, சீலை கட்டியபடியே மேசையில் ஏறியது. இலண்டன் கிளை டினேசின் போனுக்குள் இருந்து பார்த்தது. சாவகச்சேரியில் நிவேதனாவின் அம்மாவும் பக்கத்து வீட்டுப் போனில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரத்தினம்மா மஞ்சள் தண்ணீர் தெளித்துத் துடக்கைக் கழித்தார். சீலையின் முன்பக்கம் மட்டும் விலக்கப்பட்டது. மொலி நடுவில் நின்றது.

தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"தாய்மை! தன்ரை வாய்க்குப் போறதை எடுத்துப் பிள்ளையின்ரை வாயிலை வைக்கிறவள் ஆர்? தாய். இந்த மொலியைப் பாருங்கோ. முப்பத்தொரு நாள் ஒரு நுள்ளோடை பத்தியம் காத்தவள். ஆனால் உடம்பைப் பாருங்கோ, எப்பிடித் திரண்டிருக்கெண்டு! அதுதான் தாய்மையின்ரை மகிமை. எங்கடை தாய்ச் சங்கமும் அப்பிடித்தான்."

கை தட்டினார்கள்.

"ஐயா, எங்கடை தொட்டியள் எங்கை?" என்று சட்டி வைத்திருந்தவள் கேட்டாள்.

"தாயிட்டை இருக்கு, பிள்ளை. தாயிட்டை இருக்கிறதுக்கு என்ன பயம்?"

"அப்ப குஞ்சுகள்?"

"அதுக்குத்தான் வாறன்," என்றார் தலைவர். "இராசாத்தி, முன்னுக்கு வா."

விசாரணைக் குழு மூன்று பேர்: தலைவர், தலைவரின் மனைவி, தலைவரின் மருமகன் டினேஸ். சங்கத்துக்குள் குடும்ப உணர்வு பலமாக இருந்தது.

"உன்ரை மனுசன் என்ன தொழில்?"

"வலை வீசிறவர், ஐயா."

"என்னத்துக்கு?"

"மீனுக்குத்தான். காகத்துக்கு ஆர் வலை வீசுவினம்?"

பெண்கள் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை.

"எழுது டினேஸ். குடும்பமே மீன் பிடிக்கிறது. சரி, குஞ்சுகளை என்ன செய்தனி? சொதி வைச்சனியோ?"

"சொதியோ? ஐயா, அதுகள் கண்மயிர் அளவு. நாப்பதையும் ஒண்டாய் அள்ளினாலும் ஒரு கரண்டி காணாது."

"பாத்தியளே," என்றார் இரத்தினம்மா. "அளந்து பாத்திருக்கிறாள்."

"அன்ரி, முட்டை," என்று டினேஸ் நினைவூட்டினான்.

தலைவர் கேத்திலை மேசையில் வைத்தார். உள்ளே முட்டைக்கோதுத் துண்டொன்று ஒட்டியிருந்தது. "இது சங்கத்தின்ரை கேத்தில். உள்ளுக்கை முட்டைக்கோது. என்னத்துக்கு முட்டை அவிச்சனி?"

இராசாத்தி நிவேதனாவைப் பார்த்தாள். நிவேதனா மேடையின் ஓரக் கதிரையில் இருந்தாள். அவளுடைய மடியில் இரண்டு கைகளும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன. இராசாத்தி கண்ணை எடுத்துக்கொண்டாள்.

"நான் திண்டனான்," என்றாள்.

"சங்க நேரத்திலையோ?"

"பசிச்சது, ஐயா."

"முட்டை திண்டவளுக்குக் குஞ்சு தின்ன எவ்வளவு நேரம்?" என்று இரத்தினம்மா வழக்கை முடித்துவைத்தார்.

தலைவர் தீர்மானத்தை வாசித்தார். இரண்டு பந்தி. முதலாம் பந்தி: திட்டத்தைத் திறம்பட வழிநடத்திய செல்வி நிவேதனா இன்றிலிருந்து நிரந்தரத் தொழில்நுட்ப ஆலோசகர். இரண்டாம் பந்தி: மீன்குஞ்சுகளைக் களவாடிய இராசாத்தி வேலையிலிருந்தும் தொட்டிப் பட்டியலிலிருந்தும் நீக்கப்படுகிறார்; இச்செய்தி பெயரோடும் படத்தோடும் முகநூலில் வெளியிடப்படும்.

"ஐயா," என்றாள் இராசாத்தி. முதல் முறையாக அவள் குரல் இறங்கியிருந்தது. "வேலை வேண்டாமெண்டால் வேண்டாம். தொட்டியையும் தரவேண்டாம். கள்ளி எண்டு மட்டும் உந்தப் போனுக்குள்ளை சொல்லாதேங்கோ. என்ரை பிள்ளை பள்ளிக்கூடம் போறவள்."

"அது ரெண்டாம் பந்தி. பந்தியைப் பிரிக்கேலாது," என்றார் தலைவர். பிரிப்பதென்றாலே அவருக்குப் பிடிக்காது. "நிவேதனா, வா பிள்ளை. குஞ்சுகள் தானாய்க் குறையேல்லை, களவுதான் எண்டு விஞ்ஞான ரீதியாய் ஒரு வார்த்தை சொல்லு. முதலாம் பந்தியும் உடனை அமுலுக்கு வரும்."

நிவேதனா எழுந்தாள். ஒலிவாங்கி வரைக்கும் ஆறேழு அடிதான். அதற்கிடையில் தொட்டி இருந்தது.

சீலையின் ஓரம் விலகியிருந்த மூலையில் ஒரு குஞ்சு ஒட்டிக்கொண்டு நின்றது. கடைசிக் குஞ்சு. முட்டையில் வளர்ந்தும் வளராமலும் ஒரு அரிசியளவு. மொலி அந்த மூலைப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. அவசரம் இல்லாமல். சபை முழுவதும் இராசாத்தியைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அதை வேறு யாரும் காணவில்லை.

தலைவர் குடிப்பதற்காக மேசையில் வைத்திருந்த தண்ணீர்க் கிளாசை நிவேதனா எடுத்தாள். பாதியை நிலத்தில் ஊற்றினாள். பாக்குவெட்டியைத் தூக்கி ஒரு பக்கம் வைத்து, மூடியைத் திறந்தாள். தொட்டிக்குள் கையை விட்டு, குஞ்சைக் கிளாசோடு அள்ளி எடுத்தாள்.

"ஐயோ பிள்ளை! தாயிட்டையிருந்து பிரிக்காதை!" என்று இரத்தினம்மா பாய்ந்து வந்தார்.

நிவேதனா கிளாசை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஒலிவாங்கிக்கு முன்னால் போய் நின்றாள். தன் மூச்சு பந்தல் முழுவதும் கேட்பதைக் கேட்டாள். இவ்வளவு தூரம் அவள் குரல் எந்த நாளும் போனதில்லை.

"முட்டை அக்கா திண்டதில்லை," என்றாள். "அது நான் கொண்டந்த முட்டை. குஞ்சுகளுக்குத் தீத்தினது நான்."

"தாய்ப்பால் இருக்கேக்கை..." என்று தொடங்கினார் இரத்தினம்மா.

"மீனுக்கு முலை இல்லை, அன்ரி."

டினேஸ் போனைத் தாழ்த்தப் பார்த்தான். சட்டி வைத்திருந்தவள், "பிடியடா தம்பி நேரை!" என்று அதட்டினாள். போன் நிமிர்ந்தது.

"நியமனத்தை யோசிச்சுக் கதை, பிள்ளை," என்றார் தலைவர், ஒலிவாங்கிக்கு எட்டாத குரலில். பிறகு சபைக்குக் கேட்கிற குரலில், "சரி. அப்ப குஞ்சுகள் எங்கை? கமெரா வைச்சுப் பாத்தம். கதவாலை வேறை ஆரும் வரேல்லை. ஆர் எடுத்தது? தெரியுமெண்டால் பேரைச் சொல்லு!"

"கதவாலை ஒருத்தரும் வரேல்லை, ஐயா. உள்ளுக்கைதான் இருந்தது. பாசியைப் பிடுங்கினனாங்கள். பட்டினி போட்டனாங்கள். சீலையாலை மூடிப்போட்டு, ஒரு மாதம் களவெடுத்தது ஆரெண்டு வெளியிலை தேடினனாங்கள்."

அவள் தொட்டியைப் பார்க்கவில்லை. தலைவரைப் பார்த்தாள்.

"தாய் திண்டது."